முன் அனுபவம்: இல்லை

விடியுமுன்பே ரோஜா வளர்க்கும் கூடாரத்துக்குள் வந்துவிட வேண்டும். பொகோட்டாச் சமவெளியின் குளிர் பிளாஸ்டிக் கூரையில் நீராய்க் கோத்து, குனிந்து வேலை செய்பவர்கள் பிடரியில் சொட்டும். பூச்சிமருந்து நெடி தொண்டையைக் கரிக்கும். எதில்மா கத்தரியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாள். வலது மணிக்கட்டு ராத்திரியெல்லாம் விண்விண்ணென்று தெறித்ததில் விரல்கள் மடங்கவே மறுத்தன. பதினோரு வருஷமாய் ரோஜா வெட்டிய கை. காதலர் தினம் நெருங்குகிறது. அமெரிக்காக்காரன் காதலிக்கக் கிளம்பிவிட்டால் இங்கே மனுஷிக்கு மூச்சுவிட ஏது நேரம்?

"ஏண்டி, பீச்சாங்கையால வெட்டுற? பூ பாவம்டி!" என்றாள் பக்கத்துப் பாத்தி ரொசால்பா.

"ஆஸ்பத்திரியில ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கக்கா. வேலையால வந்த நோவுன்னு கம்பெனி கையெழுத்துப் போட்டுட்டா செய்துடுவாங்க. இன்னிக்குக் கேக்கப் போறேன்."

போன மாதம்தான் தோட்டத்தின் பெயர்ப்பலகை மாறியது. அதே முதலாளி, அதே மண், அதே முள். பெயர் மட்டும் புதுசு. எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். பெண்கள் கடைத்தெருவில் சுயவிவரப் படிவம் வாங்கிவந்து, எதை எழுதுவதென்று தெரியாமல் சாப்பாட்டுக் கொட்டகையில் விழித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மேஸ்திரி நோரா வந்தாள். எதில்மாவுக்கு அவள் ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியருகே இவளைக் கைக்குழந்தையாய் ஏந்தி நின்றவளும் அவள்தான். வளர்ந்தபின் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அந்த ஊரில் ஞானத்தாய் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"முன் அனுபவம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல 'இல்லை'ன்னு எழுதுங்கடி. பழைய ஆளுன்னா புதுக் கம்பெனி யோசிக்கும். புது ஆளுன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப்பாங்க. உங்களுக்கு நான் கெடுதல் சொல்வேனா?"

எதில்மாதான் முதலில் எழுதினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள்.

இன்று வெல்லத் தண்ணீர் குடிக்க விட்ட இடைவேளையில் எதில்மா அலுவலகத்துக்குப் போனாள். எல்லோரும் எஞ்சினியர் என்றே அழைக்கும் முதலாளி எர்னான் அவளுடைய படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன் கைக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பாவோம்? நீயே எழுதியிருக்கியே, முன் அனுபவம் இல்லைன்னு. ஒரு மாசம் பூ வெட்டினவளுக்கு மணிக்கட்டு தேயுமா? வீட்டுல துணி துவைச்சிருப்பே."

"எஞ்சினியரய்யா, இத்தனை வருஷமும் உங்க பூவைத்தானே வெட்டினேன்! என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன? கையெழுத்து உன்னுது."

அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற நோராவைப் பார்த்தாள் எதில்மா. "ஞானம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க," என்றாள் நோரா, முதலாளியிடம்.

எதில்மா கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே வந்தாள். அடிப்பாவி! ஊரான் ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாதாவின் முன்னால் ஏந்தி நின்றவள் அல்லவா கழுத்தை அறுத்துவிட்டாள்! அழுதுகொண்டேதான் கொட்டகைக்கு வந்தாள், நடந்ததை அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"உன்னைப் பார்த்துத்தானேடி நாங்களும் எழுதித் தொலைச்சோம்!" ரொசால்பா சீறினாள்.

"ஆமாக்கா. அடிக்கணும்னா அடி."

யாரும் அடிக்கவில்லை. ரொசால்பா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "அப்போ நாளைக்கு என் இடுப்பு போனாலும் இதே பதில்தான். சம்பளமும் புது ஆள் சம்பளம். நல்லா மொட்டையடிச்சுட்டாங்க." பிறகு திடீரென்று எழுந்தாள். "யாராவது ஓடிப்போய்ப் புதுப் படிவம் வாங்கிட்டு வாங்கடி. உண்மையை எழுதிக் கொடுத்த பிறகுதான் கத்தரியைத் தொடுவோம்."

"பூ விரிஞ்சிடுமேக்கா?" என்றாள் ஒருத்தி. விரிந்த ரோஜா விமானம் ஏறாது.

"விரியட்டும். அவருக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்."

படிவத்தின் அடியில், உங்களை அறிந்தவர்கள் யார் என்று ஒரு கட்டம் உண்டு. பாதிரியார் பெயரையோ கடைக்காரர் பெயரையோ போடுவதுதான் வழக்கம். இம்முறை ஒருத்தி பெயரை இன்னொருத்தி போட்டாள். எதில்மாவின் விரல்கள் பேனாவைப் பிடிக்கவில்லை, அவளுக்காக ரொசால்பா எழுதினாள்.

"முந்தின மேலாளர் பேரு கேக்குதுடி."

"நோரான்னு எழுதுக்கா."

பூ விரிகிறதென்று விரட்ட வந்த நோரா வாசலிலேயே அதைக் கேட்டுவிட்டாள்.

"என் பேரை அடிச்சிரு கண்ணு. என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"எனக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே, ஞானம்மா? அதையும் இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?"

நோரா வாசலை விட்டு விலகினாள். அவளைத் தாண்டிக்கொண்டு எல்லோரும் அலுவலகத்துக்கு நடந்தார்கள். மற்ற கூடாரங்களிலிருந்தும் விஷயம் கேட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நோரா அவர்களோடு வரவில்லை. கூடாரத்துக்குத் திரும்பவும் இல்லை.

சத்தம் கேட்டு எர்னான் வெளியே வந்தார். "என்ன இது? வேலையைப் போட்டுட்டு என்ன வேணும் உங்களுக்கு?"

வீங்கிய கையில் படிவத்தைப் பிடித்தபடி எதில்மா முன்னால் வந்தாள்.

"வேலை கேட்டுத்தான் வந்திருக்கோம், எஞ்சினியரய்யா. எல்லாருமே அனுபவம் உள்ளவங்க."