சிறையில் இரண்டு அடுப்பு

மெக்கானிக்கின் கைபேசியில் அந்தப் பாட்காஸ்டை ஏற்றிக் கொடுத்தது அவருடைய மகள். அம்மா போனபிறகு அப்பா சுவரையே வெறித்துக்கொண்டிருக்கிறாரே என்று வேறு ஊரிலிருந்து கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். ஏதோ தூரதேசத்துப் புரட்சியின் கதை. ஒரே கொடியின் கீழ் கிளம்பி, 'உடனே' என்று ஒரு கோஷ்டி, 'பொறு' என்று ஒரு கோஷ்டியாகப் பிரிந்து, முதலாளியை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே மண்டையை உடைத்துக்கொண்டவர்கள். மெக்கானிக்குக்கு இதெல்லாம் புதுசா என்ன?

அவர் வேலை பார்க்கும் பஸ் பணிமனையிலும் முன்பு சிவப்புச் சங்கம் ஒன்றுதான் இருந்தது. வேலைநிறுத்தத்தை முடிப்பதா நீட்டுவதா என்ற சண்டையில் அது இரண்டாயிற்று. முடிக்கலாம் என்றவர் மெக்கானிக். நீட்டத்தான் வேண்டும் என்றவர் அவர் மனைவியின் அண்ணன், அங்கேயே எலெக்ட்ரீஷியன். அன்றோடு பேச்சு நின்றது. டீ போட இரண்டு அடுப்பு வந்தது. அந்த அடுப்பு டீயை இவர்கள் குடித்தால் கொள்கை கெட்டுப்போகுமாம். நடுவில் கிடந்து அல்லாடியவள் மெக்கானிக்கின் மனைவிதான். அவள் செத்த அன்றுகூட அண்ணன் தலைமாட்டிலும் புருஷன் கால்மாட்டிலுமாக நின்றார்களே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது சங்கத்துக்கு ஒருவராக மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான்.

தட்டு கழுவிக்கொண்டே அவர் கேட்ட பகுதியில், இரண்டு கோஷ்டியையும் ஒரே சிறையில் அடைத்திருந்தார்கள். எலும்பைத் துளைக்கிற குளிர். கொடுத்த விறகோ கொஞ்சம். அப்படியும் ஒரே அடுப்பில் சமைக்கமாட்டோம் என்று விறகைப் பங்குபோட்டு, இரண்டு பக்கமும் வேகாத கஞ்சியைக் குடித்தார்களாம். மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தார். வீட்டில் யாருமில்லை. இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அந்த மச்சானும் மறுநாள் ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு போய்விடப்போகிறார்.

"மச்சான்" என்று மறுநாள் பணிமனையில் போய்க் கூப்பிட்டார். பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்தார். சிறைக் கதையில் வேகாத கஞ்சி வந்ததும் அவருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இவர் பக்கம் தள்ளினார். மகன் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, தனியாக ஏன் கிடந்து வேகவேண்டும், வந்து கூட இருந்தால் என்ன என்றார். அந்த அழைப்புக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறோம் என்று மெக்கானிக்குக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். நுணலுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா?

"ஆனா மச்சான், மொதல்ல தனி அடுப்பு வெச்சது உங்க ஆளுங்கதான்."

"அந்த ஜெயில்லயா?"

"இங்கயும்தான். அன்னிக்கே ஸ்ட்ரைக்க முடிச்சிருந்தா நம்ம சங்கத்துப் பசங்களுக்கு வேல போயிருக்காது. நான் சொன்னதுதான் சரி. இப்பவாவது ஒத்துக்கங்க."

எலெக்ட்ரீஷியன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சண்டைக்கு வருவார் என்று இவர் காத்திருந்தார்.

"சரி மாப்பிள்ளை. நீங்க சொன்னதுதான் சரி."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அறையைப் பற்றி மறுபடி பேசவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். மாமாவிடம் பேசினீர்களா என்று கேட்டாள். பேசினேன் என்றார்.

"என்ன சொன்னாருப்பா?"

"ஒத்துக்கிட்டாரும்மா" என்றார்.