மூன்றாம் கம்பம்

தடால் என்ற சத்தத்தோடு எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

கார் பனிமேட்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. உறைந்த ஏரியின் மேல் பனியை வழித்துப் போட்ட பந்தயப் பாதை அது. வழித்த பனி இரண்டு ஓரமும் மார்பளவுக்குக் குவிந்து கிடந்தது. முன்கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வைப்பர் மட்டும் விஷயம் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் ரிஸ்தோ. மடியில் விரித்த நோட்டு, படித்த வரியின் மேல் விரல்.

"அடுத்த வளைவையும் படிக்கட்டுமா, இல்ல இங்கயே காபிக்குச் சொல்லிரவா?"

ஆர்த்தோ சிரிக்கவில்லை. பூட்ஸுக்குள் இருந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரிஸ்தோ அந்த அணியின் பொறியாளன். அவன் உட்கார வேண்டிய இருக்கை இல்லை அது. பதினோரு வருடமாக அதில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வளைவுகளை முன்கூட்டியே சொல்லி ஆர்த்தோவுக்கு வழி படிப்பவள் ஆர்த்தோவின் மனைவி சைலா. இன்று காலை அவளுக்குக் காய்ச்சல். கரையோரக் குடிலில் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு, நோட்டை மட்டும் ரிஸ்தோவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதுவும் இந்த நாளாகப் பார்த்து.

சனிக்கிழமை குளிர்காலக் காட்டுப் பந்தயம். அணியின் புதுக் காரை ஆர்த்தோவிடம் கொடுப்பதா, வேறு ஆளிடம் கொடுப்பதா என்று அணித் தலைவி ரைலி இன்று மதியத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கோடையில் நடந்த விபத்துக்குப் பிறகு ஆர்த்தோவுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. முப்பத்தொன்பது வயதில் இதைக் கைவிட்டால் அடுத்தது வரும் என்று சொல்ல முடியாது.

டிராக்டர் வந்து காரைப் பின்னால் இழுத்தது. பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். ரிஸ்தோ காரிலிருந்து கணினிக்கு ஒரு வயரைப் போட்டான். திரையில் ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. பச்சை ஆக்ஸிலரேட்டர். சிவப்பு பிரேக். பனியில் பந்தயம் ஓட்டுகிற யாருடைய காரிலும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடாது. இடது கால் அதே நேரத்தில் பிரேக்கை லேசாகத் தடவும். வேகம் செத்துப்போகாமல் காரின் மூக்கு மட்டும் தாழ்ந்து, வளைவுக்குள் தானாகத் திரும்பும். கியரைக் கையாலேயே தட்டி மாற்றுகிற காரில் இடது காலுக்குக் கிளட்ச் வேலை கிளம்பும்போது மட்டும்தான். மிச்ச நேரமெல்லாம் அதற்குப் பிரேக்கோடுதான் குடித்தனம்.

ஆர்த்தோவின் கோடுகள் ஓர் இடத்தில்கூடத் தொடவில்லை. பச்சை இறங்குகிறது. கொஞ்சம் வெறுமை. பிறகு சிவப்பு ஏறுகிறது.

ரிஸ்தோ வெகுநேரம் திரையைப் பார்த்தான். தலையைத் தூக்காமலே, புதுக் காரில் பெடல் கொஞ்சம் உயரமோ என்னவோ என்றான். மதியத்துக்குள் இறக்கித் தருகிறேன், சைலாவுக்கும் அதற்குள் சரியாகிவிடும், இன்னொரு சுற்று ஓட்டிக்காட்டு என்றான். ரைலியிடம் அப்படியே சொல்லிவிடலாமாம்.

தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டான் மனுஷன். தலையாட்டினால் போதும்.

விபத்தில் இடது கணுக்கால் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது. உணர்ச்சி கூடவில்லை. கட்டைவிரலிலிருந்து பாதி பாதம் வரை கம்பளிக் காலுறைக்குள் வேறு யாருடைய காலோ இருப்பதைப் போல இருந்தது. மருத்துவர் ஊசிமுனையால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டபோது ஆர்த்தோ கூரையைப் பார்த்துக்கொண்டே, அவர் குத்துகிற தாளத்தைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் சரியாக 'தெரியுது' என்றான். பிரேக்கைத் தடவ வேண்டிய கால், தடவுகிறதா மிதிக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. அதனால் வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்கில் வைத்து, சாலையில் போகிற சாதாரண ஆளைப் போல ஓட்டினான். கால் மாறுகிற நேரம் அரை நொடிகூட இருக்காது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடி மூன்று கார் நீளம்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சைலாவிடமும். பக்கத்திலேயே உட்காருகிறவளிடம் சொல்லாமல் இருப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டிசம்பரிலிருந்து அவர்களுடைய பழைய காரில் இதே ஏரியில் அவள் வழி படிக்கப் பயிற்சி எடுத்தபோது ஒரு வளைவைக்கூட அவன் தவறவிடவில்லை. பழைய காரில் கோடு போடுகிற கருவி எதுவும் கிடையாது. வலது காலே பழகிவிட்டது, இது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

"நீ லேட்டாப் படிச்சிட்டே," என்றான் ரிஸ்தோவிடம். குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்தது.

"நானா? இங்க பாரு." ரிஸ்தோ நோட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். "மூணாம் கம்பத்துல சொல்லணும்னு உன் பொண்டாட்டி கையாலயே எழுதியிருக்கா. மூணாம் கம்பத்துலதான் சொன்னேன். ஒரு அடி முன்ன பின்ன இல்ல."

பாதையோரம் வளைவை நோக்கி ஆரஞ்சு வண்ணக் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ஆர்த்தோ எழுந்து பனியில் நடந்து மூன்றாம் கம்பத்தருகே போய் நின்றான். அங்கிருந்து, கார் புதைந்த நாலாம் வளைவைப் பார்த்தான்.

ரிஸ்தோ சொன்னது நிஜம். விபத்துக்கு முன்னால் எல்லா வருடமும் சைலா இங்கேதான் சொல்வாள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில்? கண்ணை மூடி அவள் குரலை வரவழைத்தான். 'இடது, கூர்மை' என்று ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் கேட்கும்போது கண்ணுக்கு நேரே நின்றது இரண்டாம் கம்பம். எப்போதும் இரண்டாம் கம்பம்தான். மூன்றாம் கம்பம் வருவதற்குள் அவன் கால் மாறி முடிந்திருக்கும்.

எழுதியது ஓர் இடம், படித்தது ஓர் இடம்.

வழி படிக்கிறவள் பாதையைப் பார்ப்பதில்லை. தலை நோட்டில் குனிந்திருக்கும். கார் எங்கே தாழ்கிறது, எங்கே தயங்குகிறது என்பதை இருக்கை வழியாக முதுகெலும்பால் படித்துக்கொள்வாள். அந்த அரை நொடி வெறுமை அவள் முதுகுக்குத் தெரியாமலா போயிருக்கும்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டிசம்பர் முதல் வாரம், கல்லைச் சுடவைத்து வியர்க்கக் குளிக்கிற சௌனா அறை. அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த சூடான கல்லின் மேல் இடது காலை வைத்துக்கொண்டு, கார் டயரைப் பற்றி அவன் பேசிக்கொண்டே இருந்தான். தோல் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். சைலா ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடிப் பனியை அள்ளி வந்து பாதத்தில் அப்பினாள். ஒரு வாரம் தினமும் மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். தடவும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்த்தோ திரும்பி நடந்தான். ரைலி கரையில் நெருப்பு மூட்டி, குச்சியில் தொத்திறைச்சியை வாட்டிக்கொண்டிருந்தார். ஆர்த்தோ காலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். மருத்துவரை ஏய்த்தது உட்பட. சனிக்கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். ரைலி பேசுகிற ரகம் இல்லை. வாட்டியதை ஒரு முறை திருப்பினார். "கால் வந்தா நீயும் வா," என்றார். அந்தத் தொத்திறைச்சியைக் கடுகுச் சாந்து தொட்டு அவன் கையில் கொடுத்தார். அதோடு முடிந்தது.

ரிஸ்தோ கணினியை மூடினான். திட்டுவான் என்று ஆர்த்தோ எதிர்பார்த்தான். "பெடலை இறக்கற வேலை மிச்சம்," என்று மட்டும் சொல்லித் தோளில் தட்டினான்.

குடில் ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடமும் ஆர்த்தோவுக்கு ஒரே கவலைதான். அவள் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த பந்தயம் இது. அவளை ஒரு வார்த்தை கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறான்.

வாசலில் அவளுடைய பனிச்சறுக்குக் கட்டைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த பனி இன்னும் உருகவில்லை. ஏரிப் பக்கத்திலிருந்து வாசல் வரை புதுத் தடம். ஆர்த்தோ ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

சைலா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. மேசையில் இரண்டு காபிக் கோப்பைகள், ஏலக்காய் ரொட்டி. அவன் பூட்ஸைக் கழற்றினான். அவள் அவன் இடது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈரக் காலுறையை உருவிப்போட்டு, இரண்டு கையாலும் தேய்த்துச் சூடேற்றினாள்.

"ரைலிகிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை நாம ஓட்டல."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இந்தக் கால்ல எனக்கு ஒண்ணுமே தெரியல, சைலா. இப்ப நீ தேய்க்கறதுகூட. உன்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"ம்."

"நீ ரெண்டாம் கம்பத்துலயே படிச்சுக்கிட்டு இருந்திருக்கே. இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் உதட்டோரம் சிரிப்பு. அவன் குனிந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"காய்ச்சல் விட்டிருச்சா?"

"வந்தாத்தானே விடறதுக்கு," என்றாள் சைலா. "சனிக்கிழமை காட்டுல ஓரமெல்லாம் மரம், ஆர்த்தோ. ஏரியில இடிச்சாலும் வெறும் பனிதானேன்னுதான் இன்னிக்கு நான் வரல."