கோயிலைக் கண்டால் நிற்கும் வண்டி

1999ஆம் வருடம் ஆனி மாதக் கடைசியில் பொன்னுராஜின் அம்பாசிடர் கோயில்களுக்கு முன்னால் நிற்கத் தொடங்கியது. எல்லாக் கோயிலிலும் இல்லை, எல்லா நாளும் இல்லை. சாலையோரம் கோயில் வரும், எஞ்சின் அணையும், வண்டி உருண்டுபோய் ஓரத்தில் நிற்கும். சவாரிக்கு வந்தவர்கள் இறங்கிக் கதவைப் படாரென்று சாத்தி, பின்னால் போய்த் தள்ளினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

சின்னமனூர் கார் ஸ்டாண்டில் முதலில் இதைப் பக்தி என்றார்கள். வீரபாண்டி மாரியம்மனைப் பார்த்து நின்றபோது சவாரி வந்த ஒரு அம்மாள் இறங்கிச் சூடம்கூட ஏற்றினாள். குச்சனூரில் சனி பகவானுக்கு முன்னால் நின்றபோதுதான் பேச்சு மாறியது. "நாமதான் சனியைத் தேடிப் போவோம். இவருக்கு சனியே கை காட்டி வண்டிய நிறுத்துறாரு" என்றார்கள். ராயப்பன்பட்டி சர்ச்சுக்கு முன்னால் அது ஒருநாளும் நின்றதில்லை என்பதும் ஸ்டாண்டில் பேசப்பட்டது.

ஆவணியில் அக்கா பவுனுவின் மகள் கயலுக்குக் கல்யாணம். மார்க்கையன்கோட்டையிலிருந்து உத்தமபாளையம் மண்டபத்துக்குப் பெண்ணைத் தன் காரில் அழைத்துப் போக வேண்டியவர் தாய்மாமன் பொன்னுராஜ். அந்தப் பேச்சு வந்ததும் அக்கா வீட்டுக்காரர் ஒச்சாண்டி தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீக. தேனியில ஒரு சுமோ சொல்லி வச்சிருக்கேன். நீங்க முன்சீட்டுல ஒக்காந்து வாங்க, போதும்."

"தாய்மாமன்கிட்ட கார் இருக்கையில வாடகை வண்டியா? அதுக்கு என்னைய மாலையப் போட்டு டிக்கியில வச்சுக் கொண்டுபோங்க மச்சான்."

"முகூர்த்தம் ஏழரைக்குள்ள. வழியில எத்தனை கோயில் இருக்குன்னு தெரியும்ல?"

பவுனு குறுக்கே வந்தாள். "ஏலே, அவுக சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல. பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டு எம்மக வண்டியத் தள்ளுவாளா?"

"கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் வரைக்கும் பாருக்கா. சரியாகலைன்னா நானே சுமோவுல ஏறிக்கிறேன்" என்றார் பொன்னுராஜ். சொன்ன கையோடு வண்டியை மறுபடியும் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஏசுதாசன் ராயப்பன்பட்டிக்காரர். அவர் ஏற்கெனவே காயிலை மாற்றியிருந்தார், கண்டென்சரை மாற்றியிருந்தார், பாயின்ட்டைத் தேய்த்திருந்தார், பேட்டரி முனைகளைச் சுரண்டிக் கிரீஸ் தடவியிருந்தார். ஒவ்வொரு தடவையும் தானே குச்சனூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்காது.

"வண்டியில ஒண்ணுமில்லண்ணே. ஓட்டுற ஆளுகிட்டதான் ஏதோ இருக்கு."

"எங்கிட்ட என்னப்பா இருக்கு?"

"அத கோடாங்கிகிட்டதான் கேக்கணும்."

ஏசுதாசன் எரிச்சலில் சொன்னதைப் பொன்னுராஜ் மெய்யாகவே எடுத்துக்கொண்டார். வருசநாட்டுக் கோடாங்கி உடுக்கையடித்துக் குறி சொன்னார்: வழியில் இருக்கும் சாமிகளில் எதையோ மதிக்காமல் போகிறாய், இனி ஒன்றையும் விடாதே. அன்றுமுதல் பொன்னுராஜ் ஒன்றையும் விடவில்லை. அதுவரை நிற்காத நடுகல்லுக்கும் வேப்பமரத்துச் சூலத்துக்கும்கூட வண்டி நின்றது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் ஏசுதாசன் தானும் கூட வருவதாகச் சொன்னார். காயிலுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு துண்டு ஒயரை இழுத்து, ஜன்னல் வழியே உள்ளே விட்டு, ஒரு சின்ன பல்பை மாட்டி மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சினுக்குக் கரண்ட் போகும்வரை பல்பு எரியும்.

மார்க்கையன்கோட்டை தாண்டி முனியாண்டி கோயில் வந்தது. பல்பு அணைந்தது, எஞ்சினும் அணைந்தது. ஏசுதாசன் நிமிர்ந்து பார்த்தார். பொன்னுராஜின் வலது கை டேஷ்போர்டில் இருந்த பித்தளைப் பிள்ளையாரை அழுத்தித் தொட்டுவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தது.

பல்பை சீட்டில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ள ஏசுதாசன் இறங்கிக் கதவைச் சாத்தினார். பல்பு எரிந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை கும்பிடுங்க."

"இப்பத்தானப்பா கும்பிட்டேன்."

"கூடக் கும்பிட்டா குத்தமா? கும்பிடுங்க."

தொட்டார். அணைந்தது. கதவைச் சாத்தினார்கள், எரிந்தது. "இப்ப தொடாம, கையெடுத்து மட்டும் கும்பிடுங்க." எரிந்துகொண்டே இருந்தது. "இப்பத் தொடுங்க." அணைந்தது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த கிழவி நின்று வேடிக்கை பார்த்தாள். "என்னப்பா, வேண்டுதலா?"

"ரிப்பேரு பாக்குறோம் ஆத்தா."

"கும்பிட்டுக் கும்பிட்டேவா? நல்லாருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஏசுதாசன் மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். பிள்ளையாரை மாட்டியிருந்த ஸ்க்ரூ தகரத்தைத் தாண்டி விரல் நீளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. துருப்பிடித்த தகரம், அழுத்தினால் அமுங்கியது. அமுங்கும்போது ஸ்க்ரூ ஒரு ஒயரை நெட்டியது. சாவி ஸ்விட்சில் தளர்ந்திருந்த அந்த ஒயரின் முனை விலகிக்கொண்டது. கதவு அதிர்ந்தால் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

"இது கதவுக் கீலுக்குப் போடுற ஸ்க்ரூல்ல? யாருண்ணே மாட்டுனது?"

"மச்சான்தான். ஆனியில பழனிக்குப் போயிட்டு வாங்கியாந்தாக. சாமி ஆடக்கூடாதுன்னு அவுகளே முடுக்குனாக." பொன்னுராஜுக்குத் திடீரென்று கோபம் வந்தது. "ஏப்பா, வண்டியையே பிரிச்சுப் போட்டியே, இத மட்டும் ஏன் பாக்கல?"

"ஒங்க சாமியாச்சே, நாம எதுக்குக் கை வைக்கணும்னு சுத்தி மட்டும் தொடச்சு விட்டேன்." ஏசுதாசன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "கழட்டிட்டுச் சின்னதாப் போட்டுருவோம்."

"கழட்டாத! நாளைக்குக் கல்யாணம். மச்சான் மாட்டுன சாமியக் கழட்டுனேன்னு தெரிஞ்சா, வண்டி என்ன, நானே மண்டபத்துக்குள்ள போக முடியாது."

ஏசுதாசன் பெருமூச்சு விட்டு, ஒயரை வேறு பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய் முனையை இறுக்கினார். பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார். பொன்னுராஜ் அங்கேயே நின்று ஆசை தீரத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார். பல்பு அணையவில்லை.

மறுநாள் காலை கயலும் பவுனுவும் பின்சீட்டில். முன்சீட்டில் ஒச்சாண்டி. எதற்கும் இருக்கட்டும் என்று சுமோவும் பின்னாலேயே வந்தது. முதல் கோயில் வந்ததும் ஒச்சாண்டி திரும்பி, பின்னால் சுமோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். பொன்னுராஜ் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி ஓடியது. அடுத்த கோயிலிலும் ஓடியது. சின்னமனூரைத் தாண்டியதும் கயல், "மாமா, கொஞ்சம் மெதுவாப் போங்க, பூவெல்லாம் பறக்குது" என்று சிரித்தாள்.

ஒச்சாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நேத்து நான் இந்தப் புள்ளையாருக்குத்தான் வேண்டிக்கிட்டேன் மாப்ள. நான் மாட்டுன சாமி கைவிடுமா?"

பொன்னுராஜ் வாயைத் திறந்தார். கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியான முகம். "விடாது மச்சான்" என்றார்.

உத்தமபாளையத்தில் மண்டபத்து மேளம் கேட்கத் தொடங்கியபோது ஏழுகூட ஆகவில்லை. ஒச்சாண்டி பூரித்துப்போய்ப் பிள்ளையாரின் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"லேசா ஆடுது மாப்ள. கல்யாணம் முடியட்டும், இன்னும் நீளமா ஒண்ணு கொண்டாந்து முடுக்கிவிடுறேன்."