மூன்றாவது வரிசையில் முதல் கை

என் தம்பி திரைப்பட விழா ஆரம்பித்த முதல் வருஷம் நூலகத்து மாடியில் அறுபது நாற்காலி போட்டோம். வந்தது பதினேழு பேர். திரைகூட நான் தைத்ததுதான். அவ்வளவு அகலத்தில் துணி கிடைக்காமல் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தேன். தையற்கடை வைத்திருக்கிறேனே, இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? ஆனால் முகம் பெரிதாக வரும்போதெல்லாம் மூக்குத்தண்டில் ஒரு தையல் ஓடியது. "எல்லாருக்கும் ஆபரேஷன் ஆயிருக்கு போல" என்று புரொஜக்டர் ஓட்டுகிறவர் கிண்டலடித்தார்.

அது கிடக்கட்டும். அந்த வருஷம் ஒரு படம் முடிந்ததும் டைரக்டரை மேடையில் நிறுத்தி, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றான் தம்பி. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷம் பாடுபட்டுப் படம் எடுத்த மனுஷன், மைக்கைப் பிடித்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்தபடி நின்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். வெளியே மழை. கொண்டுவந்த குடையைக்கூட எடுத்துப் போகவில்லை.

"இனிமே இந்த மேடையில யாரும் அப்படி நிக்கக் கூடாதுக்கா" என்றான் தம்பி.

மறுவருஷத்திலிருந்து எனக்கு ஒரு உத்தியோகம். மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. படம் முடிந்ததும் முதலில் தூக்கும் கை என்னுடையது. கேள்வியைத் தம்பியே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவான். ஒரு கேள்வி விழுந்துவிட்டால் போதும், மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுவிடும்.

ஒருமுறை சீட்டு மாறிப்போயிற்று. முழுக்க முழுக்க லிஃப்டுக்குள்ளேயே நடக்கிற படம் எடுத்தவரிடம், "உங்க படத்துல கடல் எதைக் குறிக்குது?" என்று கேட்டுத் தொலைத்தேன். தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். அந்த டைரக்டரோ கண்ணை மூடி யோசித்துவிட்டு, "இதை யாருமே கவனிக்கலைன்னு நினைச்சேன்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினார். அன்றோடு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

நான்காவது வருஷம் என் மகளின் படம் தேர்வானது. பெயரை மறைத்துவிட்டுத்தான் குழு படம் பார்க்கும் என்பதால் கடைசி வரை தம்பிக்கே தெரியாது. விழாவுக்கு முந்தின வாரம், நான் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அம்மா, என் படத்துக்கு நீ கை தூக்கக் கூடாது."

"ஏன்டி? ஊரார் பிள்ளைங்களுக்கெல்லாம் தூக்குறேன்."

"நீ கேட்டா அது கேள்வி இல்ல, பிச்சை. யாரும் கேக்கலைன்னா நின்னுட்டு இறங்கிப் போறேன்."

"குடையை விட்டுட்டா?"

"விளையாடாதம்மா. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். பிடிவாதத்தில் அப்படியே என்னை உரித்து வைத்தவள்.

சனிக்கிழமை மதியம், நாற்பது பேர் இருந்தார்கள். படம் இருபத்திரண்டு நிமிஷம், அவள் சொந்தக் கதை. லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தவள், ஒரு மாசத்தில் பிடிக்காமல் நின்றுவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. எட்டு மாசம் தினமும் சாப்பாட்டு டப்பாவும் வெள்ளைக் கோட்டுமாகக் கிளம்பி இதே நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளாகவே அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் வரும் அம்மாவுக்கு முகமே இல்லை. தையல் மிஷின் முன்னால் முதுகு மட்டும்தான். மகள் கிளம்பும்போதெல்லாம் திரும்பாமலேயே, "டப்பா எடுத்துக்கிட்டியா?" என்பாள். மகள் திரிகிறாள், பொய் சொல்கிறாள், ஏங்கிப்போகிறாள். அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். நல்ல படம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் இருட்டில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளக்கு போட்டார்கள். கைதட்டினார்கள். "கேள்வி இருந்தா..." என்று ஆரம்பித்த தம்பி, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தான். நான் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

யாரோ இருமினார். யாரோ நாற்காலியை நகர்த்தினார். என் மகள் மைக்கைப் பிடித்தபடி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். இத்தனை பேரில் ஒரு புண்ணியவானுக்கு ஒரு கேள்வி தோன்றாதா?

மின்விசிறியிலிருந்து அவள் கண் மெல்ல இறங்கி மூன்றாவது வரிசைக்கு வந்தது.

"அம்மா" என்றாள். "உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

கையில் சீட்டு இல்லை. எழுந்தேன்.

"அந்த அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீ எப்படி முடிவு பண்ணினே?"

"அவங்கதான் திரும்பியே பாக்க மாட்டாங்களே."

"வாராவாரம் அந்தக் கோட்டைத் துவைச்சது யாரு?"

அவள் மைக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள்.

"முதல் மாசம் கோட்டு பூராவும் லேப் கறை. ஊதா, மஞ்சள், கைப்பக்கம் பொசுங்கின ஓட்டை வேற. அப்புறம் எட்டு மாசம் ஒரு பொட்டு இல்ல. துணியோட மாரடிக்கிறவளுக்கு அதுகூடவா தெரியாது?"

அவள் கை மைக்கோடு தானாகக் கீழே இறங்கியது. மைக் இல்லாமலே கேட்டாள்:

"அப்புறம் ஏம்மா ஒரு நாள்கூடத் திரும்பிப் பாக்கல?"

"திரும்பினா நீ என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லணும். உன்னால முடியாதுடி."

உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஏழெட்டுக் கைகள் உயர்ந்திருந்தன. தம்பி ஒவ்வொருவராகக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டான். மேடையில் நின்றவள் யாரையும் பார்க்காமல், வெள்ளைத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.