செங்கடலைக் கட்டியவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். செங்கடல் இஸ்ரவேலர் தலையில் விழுந்ததற்கு, இந்தக் கதையை எழுதுகிறவன்தான் காரணம்.

ஆலய மண்டபத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம்: மோசே கடலைப் பிளந்து, பார்வோனிடமிருந்து இஸ்ரவேலரைக் கரையேற்றும் கதை. கடல் என்பது ஓர் இரும்புக் குழாயில் தொங்கிய நீலப் படுதா. குழாயைக் கயிற்றால் கட்டும் பொறுப்பு அவனுடையது. கட்டினான். பார்வோனின் சேனை ஓரமாக நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருக்க, குழாய் சரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மோசேயாக நடித்தவர் அதைக் கையில் தாங்கிவிட்டார். மோசே அவனுடைய அக்காவின் கணவர், பிழைப்புக்குப் பிளம்பர். வலது மணிக்கட்டு முறிந்தது.

(பாதிப் பழி அத்தானுக்கும் உண்டு. முதல் ஆளாகக் கரையேற வேண்டியவர், எல்லாவற்றையும் மறந்து நடுக்கடலிலேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து எத்தனை முறை சைகை காட்டியும் நகரவில்லை.)

2

எப்படித் தொடங்குவது?

[இரு கைகளையும் விரித்து நின்ற அந்த மனிதரில் அவன் கண்டது...]

பொய். அத்தான் ஒரு கையால்தான் தாங்கினார். மறு கை ஒட்டுத்தாடியைப் பிடித்திருந்தது.

ஞாயிறு வகுப்பு எடுத்து எடுத்து அவனுக்கு வந்த வியாதி இது. பழைய ஏற்பாட்டில் ஒரு கட்டை கிடந்தால் போதும், சிலுவை. தண்ணீர் வந்தால் ஞானஸ்நானம். மீன் யோனாவைக் கக்குவதற்குள் இவன் இயேசுவின் கல்லறையைத் திறந்துவிடுவான்.*

* "பார்வோனோட குதிரைங்க என்ன சார் தப்பு பண்ணுச்சு?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றான். எட்டு வாரம் ஆகிறது.

3

எழுதியதை அக்காவிடம் காட்டினான்.

"மோசே கைய நீட்டினாரு, கடல் பிளந்துச்சு. இவரு நீட்டினாரு, எலும்பு பிளந்துச்சு. இதுல என்னடா அர்த்தம் தேடுற?" என்றாள். பிறகு, "அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

இல்லை. இரண்டு வாரமாக வருகிறான், பழம் வாங்கி வருகிறான், மாவுக்கட்டைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போகிறான். கேட்டால் பதில் வந்துவிடுமே! அத்தான் மனதில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடுமே! இந்தக் கதையில் அவன் 'அவன்' என்று ஒளிந்திருப்பதும், கடவுளிடமிருந்து தப்பி ஓடிய யோனா கப்பலின் அடித்தட்டில் போய்ப் படுத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான்.

4

முடிவு அ: அத்தான் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (ஒற்றைக் கையாலா?)

முடிவு ஆ: மாவுக்கட்டாலேயே மண்டையில் ஒன்று போடுகிறார். (அக்காவின் விருப்பம்.)

முடிவு இ: வாசகரே, உங்களுக்குப் பிடித்த...

இந்த இடத்தில் அக்கா தாளைப் பிடுங்கி அத்தானிடம் கொடுத்துவிட்டாள். அவர் இடது கையில் பிடித்து நிதானமாக வாசித்தார்.

"தாடியப் பத்தியெல்லாம் எழுதணுமா மாப்ளே?"

"எடுத்துடறேன் அத்தான். மன்னிச்சிடுங்க. அந்த முடிச்சு நான் போட்டது."

"தெரியும்."

"அப்பறம் ஏன் அத்தான், அங்கயே நின்னீங்க? நான் எத்தன தடவ கை காட்டினேன்!"

அத்தான் தாளை மடித்து அவன் கையில் வைத்தார்.

"மேல பாத்தேன், உன் முடிச்சு அவுந்துக்கிட்டிருந்துச்சு. பசங்க பாதி வழியில வந்துட்டாங்க. அதான் மாப்ளே, கடைசிப் பையன் கரையேறட்டும்னு அதுக்குக் கீழயே நின்னுட்டேன்."