ஓரத்தில் வெட்டிய வார்

கத்திரி கைவைத்த துண்டில் பிசகு வராது என்று தோல் தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. பொய்யாக இருந்தால் அல்லவா மறுக்க வேண்டும்? பைக்கும் பெல்ட்டுக்கும் தோல் வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவளுடைய சொந்த அண்ணனே நிஜப் பெயரை மறந்து தொலைத்திருந்தான்.

கடைசியில் அந்தக் கைகளுக்கே வந்தது வினை. தோலைப் பதனிடப் போடும் ரசாயனம் அவள் உடம்புக்கு ஆகவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. சோற்றில் கைவைத்தால் உப்பு பட்டு உயிர் போகும். "இந்த வேலைய விட்டுடும்மா, இல்லன்னா இந்தக் கைய வச்சுக்கிட்டு எந்த வேலையும் பண்ண முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெட்டும் தையலும் தவிர வேறொன்றும் தெரியாதவள் எங்கே போவாள்?

அப்போது கைகொடுத்தவள் அண்ணி. அவள் சாஸ் தொழிற்சாலையில் தக்காளி வேகவைக்கும் பிரிவில் இருந்தவள். அங்கே லாரி லாரியாகக் குப்பைக்குப் போகும் தக்காளித் தோலைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். "மாட்டுத் தோலுக்குப் பதிலா இத வச்சுப் பை பண்ணலாம், நீ வெட்டு, நான் காய்ச்சுறேன்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் காலி பண்ணிவிட்டாள். அண்ணனின் மோட்டார் சைக்கிள் வெயிலில் நின்றது. வீடெல்லாம் புளித்த வாடை. தக்காளி என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான்.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணியின் கைப்பக்குவம் அலாதி. வந்த தோலை மூட்டையாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு நீரை வடிப்பாள். வடிந்ததை அரைத்து, செடிப் பிசினும் மெழுகும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சுவாள். மரச்சட்டத்தில் பருத்தித் துணியை ஆணியடித்து இழுத்துக்கட்டி, அதன்மேல் கூழை ஊற்றிக் காயவிடுவாள். காய்ந்து உரித்தால் அரக்குச் சிவப்பில் ஒரு தாள், தொட்டால் நிஜத் தோல் தோற்றுப்போகும். அந்தத் தாளைத் தொட ஆரம்பித்த பிறகு கத்திரியின் விரல்களில் வெடிப்பு மூடிக்கொண்டது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தபிறகுதான், உப்பு பட்டும் எரியவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. எழுந்து போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்றைக்குப் பை கம்பெனி மேடம் மாதிரிப் பையைப் பார்க்க வருகிறாள். அவள் சரி என்றால் ஆர்டர், பிழைப்பு. இல்லையென்றால் பழைய நாற்காலிதான். தோல் தொழிற்சாலை சூப்பர்வைசர் சாயங்காலம் வரைக்கும் அதைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தால் கை என்ன ஆகும் என்று கத்திரிக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்குப் பயமில்லை. பையை வெட்டியது யார்?

மேடம் வந்தாள். நெட்டையாக, கறாராக, வந்ததும் பையை மோந்து பார்த்தாள். மூலையை மடக்கினாள், நகத்தால் கீறினாள்.

"மேல பிளாஸ்டிக் பூச்சு இருக்கா?"

"ஒரு சொட்டு கிடையாது" என்றாள் அண்ணி. "பளபளப்பு வேணும்னா பிளாஸ்டிக் பூசி, செடித் தோல்னு விக்கறவங்க இருக்காங்க. நாங்க அந்த ஜாதி இல்ல."

மேடம் சிரித்தாள். "வெட்டு உன்னுதுதானே? பாத்ததுமே தெரிஞ்சது. தோல் பையில உன் வெட்டப் பாத்திருக்கேன், அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள் கத்திரியிடம். கத்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சரி, உள்ள கனமா எதையாவது போட்டு மாட்டுங்க."

அண்ணி தராசுக்கு வைக்கும் படிக்கற்களைக் கொஞ்சமும் யோசிக்காமல் அள்ளிப் பைக்குள் போட்டாள். கத்திரி சுவர் ஆணியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். தோளில் மாட்டும் வார் மெல்ல நீண்டது. நடுவில் ஒரு கோடு விழுந்தது. பட்டென்று அறுந்து, கற்கள் தரையில் உருண்டன.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. கத்திரி தன்னையறியாமல் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அண்ணிதான் முதலில் சமாளித்தாள். "நூல் மேடம். புதுக் கடையில வாங்கினது, மட்டமான நூல். மாத்திட்டா..."

கத்திரி அறுந்த வாரைக் கையில் எடுத்தாள். தையல் அப்படியே இருந்தது. அறுந்தது தாள். மேலே கெட்டியாகக் காய்ந்திருந்த கூழ், துணிக்குள் இறங்கவே இல்லை. பாலின்மேல் ஆடை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. துணியும் நடுவில் தொய்ந்து கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம்தான் உறுதி, வயிற்றுப் பக்கமும் ஓரமும் தொளதொள. முதல் நாள் வேலைக்குப் போனபோதே கண்ணுக்குப் பழகிய பாடம். அந்தக் கண்ணோடுதான் அண்ணியின் தாளையும் பார்த்திருக்கிறாள். நடுவில் தடிப்பாக, வழவழப்பாக இருந்ததை முதுகு என்று கொண்டாடி அதில் வாரை வெட்டினாள். ஆணி ஓட்டையும் சுருக்கமுமாக இருந்த ஓரத்தை வயிறு என்று கழித்துக் கூடையில் எறிந்தாள். தக்காளிக்கு ஏது முதுகு, ஏது வயிறு? சட்டத்தில் ஊற்றிய கூழ் நடுவில் தேங்கும், துணி தொய்யும். ஓரத்தில்தான் துணி விறைப்பாக இருக்கும், கூழும் மெல்லிசாகி உள்ளே ஊறும். கண்ணெதிரே நடந்ததை இத்தனை நாள் பார்க்காமல் இருந்துவிட்டாளே, மண்டு!

தலைக்குமேல் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தில் தக்காளித் தோல் மூட்டை, ஈரத்தோடு, ஓர் ஆள் கனத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கிடைக்காத ஒரு நாளில் கழிவுக் கூடையிலிருந்து எடுத்து அவளே முடிச்சுப் போட்ட ஓரத்துத் துண்டு அதைப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து மூட்டை மாறுகிறது, அந்தத் துண்டு மட்டும் மாறவே இல்லை.

"நூல் இல்ல மேடம்" என்றாள் கத்திரி.

அண்ணி அவள் முழங்கையைக் கிள்ளினாள். கத்திரி கையை விலக்கிக்கொண்டாள். எந்த வெட்டுக்காக இந்த அம்மா வந்தாளோ, அதையே குறை சொல்லப் போகிறாள். பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

"வெட்டு தப்பு. என் தப்பு. மாட்டுத் தோலுன்னு நெனச்சு வெட்டிட்டேன். தாள்ல குத்தம் இல்ல, அண்ணி மேலயும் குத்தம் இல்ல. மேல பாருங்க, மூட்டையத் தாங்கறது நான் கழிச்ச ஓரத்துத் துண்டு."

மேடம் மேலே பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"உக்காருங்க. அண்ணி டீ போட்டுக் கொண்டு வரதுக்குள்ள முடிச்சிடறேன்."

அண்ணி டீ போடப் போகவே இல்லை, கூடையைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். கத்திரி நீளமான ஓரத்துண்டுகளாக இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டின் பின்பக்கத்தையும் சேர்த்து ஒட்டினாள். கத்தி ஒரே இழுப்பில் போய் வந்தது. ஆணி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன, அவற்றை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. தைத்து முடித்துப் பையில் பொருத்தியதும், படிக்கற்கள் பக்கம் அவள் போகவே இல்லை. மூலையில் கிடந்த பழுதான தையல் மிஷினின் இரும்புத் தலையை அண்ணியும் அவளுமாகத் தூக்கிப் பைக்குள் இறக்கினார்கள்.

"இது ரொம்ப ஓவர்டி" என்று அண்ணி காதோரம் முணுமுணுத்தாள்.

"தாங்கும்" என்றாள் கத்திரி.

மாட்டினார்கள். வார் விறைத்துக்கொண்டு நின்றது. மேடம் பையைப் பிடித்துக் கீழே ஓர் இழுப்பு இழுத்தாள். இன்னொரு இழுப்பு இழுத்தாள். சுவரில் இருந்த ஆணிதான் வளைந்தது.

மேடம் மிஷின் தலையை இறக்கச் சொன்னாள். தன் தோள்பையைக் கவிழ்த்து, பர்ஸ், கண்ணாடி, சாவி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தக்காளிப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். காலியான பழைய பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆணி ஓட்டை இருக்கட்டும், எல்லா வார்லயும் இருக்கட்டும். ஆர்டர நாளைக்குப் பேசிக்கலாம், பெரிசாத்தான் இருக்கும். சட்டம் இன்னும் நாலஞ்சு அடிச்சு வைங்க" என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "தப்பு என்னுதுன்னு சொல்ற தோல் வெட்டற ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவள் தெருமுனை திரும்பும்வரை அண்ணி அசையவில்லை. அப்புறம் நாத்தனார் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நூல்னு சொன்னேனே, என் மானத்த வாங்கிட்டியேடி!" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

போன் அடித்தது. சூப்பர்வைசர். "என்னம்மா, நாற்காலி காலியாத்தான் இருக்கு. நாளைக்கு வர்றியா?"

கத்திரி போனைப் பிடிக்காத கையை விரித்துப் பார்த்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. ஒரு வெடிப்புகூட இல்லை.

"வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றாள். "உக்காரப்போற பொண்ணுகிட்ட மட்டும், கையுறை இல்லாம அந்தத் தோலைத் தொடாதேன்னு சொல்லிடுங்க."