திருப்பி அனுப்பிய தீர்மானம்

புஷ்பவள்ளியின் கனவில் மாடுகள் படியேறிக்கொண்டிருந்தன. அடுக்குமாடிக் கட்டடத்தின் ஈரப் படிகளில் அவளுடைய ஐந்து பசுக்களும் குளம்புச் சத்தமே இல்லாமல், தெரிந்த வீட்டுக்கு விருந்து போவது போலப் போயின. நான்காவது மாடி ஜன்னலில் பக்கத்து ஊரான சி ரூசாவின் கடல் தெரிந்தது. கடல் முழுக்கப் பால் நிறம்.

"பிரசிடென்ட்டு, தூங்கிட்டியா?"

கண் விழித்தாள். தோட்டத்து மண்டபத்தில் சங்கக் கூட்டம். மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம். சங்கச் செயலாளர் ஆம்புரோஸ், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியுமுன் பால் கறந்து, பகலெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கு அடியில் உதிரிப் பழம் பொறுக்கிய உடம்பு அவளுடையது. நாற்காலி கிடைத்தால் கண் தானாகச் செருகும்.

சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த அந்தத் தோட்டம் விலை போய்விட்டது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்தால் குடும்பத்துக்கு ஒரு அடுக்குமாடி வீடு என்றது புதுக் கம்பெனி. குடியிருப்பாளர் சங்கம் தீர்மானம் போட்டு, தலைவர் கையெழுத்திட வேண்டும். மாடியில் மாடு கட்ட முடியாது. புஷ்பவள்ளிக்கு விஷயம் அவ்வளவுதான்.

சங்கத்தின் விதிகளை எழுதியவர் ஆம்புரோஸ். இந்த நாட்டில் ராஜா உண்டு, பிரதமர் உண்டு, பிரசிடென்ட் கிடையாது. தலைவருக்கு என்னென்ன அதிகாரம் என்று எழுத வேறு மாதிரி கிடைக்காமல், இந்தியக் குடியரசின் சட்டத்தைப் பார்த்து எழுதிவிட்டார். ஒழுகும் லயத்துக்கு ஒரு குடியரசுத் தலைவர் வாய்த்தது அப்படித்தான். தண்டனையை மன்னிக்கக்கூட அதிகாரம் உண்டு. கோயில் தேங்காயைத் தூக்கிய மாயாண்டியைப் புஷ்பவள்ளி மன்னித்தும் இருக்கிறாள். மேல் லயத்து ஆளைக் கீழ் லயம் ஏற்காது, கீழ் லயத்து ஆளை மேல் லயம் ஏற்காது என்பதால், இரண்டுக்கும் நடுவில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

"எல்லாரும் கை தூக்கியாச்சு லா, அக்கா," என்றான் லோரி ஓட்டும் சசிதரன். "நீங்க கொறட்ட விடறப்பவே தீர்மானம் பாஸாயிருச்சு."

"நான் என்ன செய்யலாம், கிராணி ஐயா?"

"ஒரு தடவ திருப்பி அனுப்பலாம். மறுபடி யோசிங்கன்னு. அவங்க மறுபடியும் அதையே கொண்டாந்தா, நீ கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"அப்ப திருப்பி அனுப்புறேன்."

சசிதரன் சிரித்தான். "நீங்க ஆளுங்களுக்குப் பிரசிடென்ட்டா, மாட்டுக்கா?"

"மாடு கை தூக்காது தம்பி. அதுக்கும் யாராச்சும் பேசணும்ல."

அடுத்த கூட்டத்தில் முன்னைவிட வேகமாகக் கைகள் உயர்ந்தன. மாயாண்டியும் தரையைப் பார்த்தபடி தூக்கினான். தாள் அவள் முன்னால் வந்தது.

"எப்பக்குள்ள போடணும்னு விதியில இருக்கா?"

ஆம்புரோஸ் பக்கங்களைப் புரட்டினார். செருமினார். "நாள் போடல. பாத்து எழுதுன எடத்துலயும் நாள் போடல."

"அப்ப கெடக்கட்டும்," என்று தாளை மடித்து எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு தோட்டம் உள்ளிழுத்த மூச்சை வெளியே விடாமல் வைத்திருந்தது. கம்பெனிக்காரன் கொண்டுவந்து நிறுத்திய மண்வாரி இயந்திரத்தின் மேல் காட்டுக்கொடி படர்ந்தது. காலைப் பனியில் செம்பனை வரிசைகள் மிதந்தன. அவற்றினூடே அவளும் கோணிப்பையுமாக மிதந்தாள். ஒருவரும் திட்டவில்லை. பால் வாங்க வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். கழுத்தளவு தண்ணீரில் நிற்பது போலிருந்தது அவளுக்கு. தான் அசைந்தால் எல்லா வீடுகளும் அசையும். அசையாமல் நிற்பது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் பயமாகவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. ஆம்புரோஸின் மருமகள் பெவர்லி, இடுப்பில் பிள்ளையோடு கொட்டகைக்குள் ஓடிவந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இங்க ஒழுகல, ஆன்ட்டி."

"நான் போன மாசம்தான் தகரம் மாத்துனேன்."

"எங்க வீட்ல பாய் போடற எடத்துல வாளி நிக்குது. புள்ளைய மழ விடற வரைக்கும் இங்க படுக்க வைக்கட்டுமா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் புஷ்பவள்ளி பதில் சொல்லியிருப்பாள். உலர்ந்த புல்லை அள்ளிப் போட்டு, மேலே தன் சேலையை விரித்தாள். பிள்ளை உடனே தூங்கிப்போனது. ஐந்து பசுக்களும் அசை போடுவதை நிறுத்தி அதைப் பார்த்தன. அவற்றின் மூச்சு வெள்ளையாக எழுந்து, கூரைக்குக் கீழே மேகம் போல நின்றது. வெளியே லயம் கரைந்து தெரிந்தது. எல்லாமே யாரோ காணும் கனவு போலிருந்தது, பிள்ளையின் இருமலைத் தவிர.

மழை விட்டதும் தாளை எடுத்துக்கொண்டு ஆம்புரோஸ் வீட்டுக்குப் போனாள். சசிதரன் ஏணி மேல் நின்று அவர் கூரையில் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டிருந்தான்.

"பேனா குடுங்க, ஐயா."

ஆம்புரோஸ் தயங்கினார். "அவசரமில்ல புஷ்பம். நீ எத்தன நாள் வச்சிருந்தாலும் ஒருத்தனும் கேக்க முடியாது."

"தெரியும். அதான் போடுறேன்."

போட்டாள். அவர் மை காய ஊதினார். அவள் ஏணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சசி, லோரி எப்ப சும்மா நிக்கும்?"

"எதுக்குக்கா?"

"ரெம்பாவ் ஊர்ல ஒருத்தர் மாட்ட வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவன் இறங்கிவந்தான். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். "ஞாயித்துக்கெழம எடுத்தாரேன். நானே ஏத்திக்கிறேன்கா, நீங்க வர வேணாம்."

"நீ கூப்ட்டா ஏறாது தம்பி," என்று சொல்லிவிட்டு, சாயங்காலப் பால் கறக்க நேரமாகிவிட்டதால் நடந்தாள்.